இருநூத்திப் பன்னெண்டாவது கிரைண்டர்

கேள்வி கேக்கக் கூடாது தம்பி. அத மொதல்லயே சொல்லிடறேன். நீங்க நல்லா எழுதுவீங்கன்னு எங்க ஆடிட்டர் சொன்னாரு, சந்தோசம். மூணு கம்பெனிக்கு லெட்டரு, நோட்டீஸு, வெப்சைட்டு எல்லாம் வீட்டுல இருந்தே எழுதிக் குடுக்கறீங்கன்னாரு, அதுவும் சந்தோசம். ஆனா இங்க நான் சொல்றத எழுதணும். எதுக்கு, எப்ப, யாரு, ஏன்னு தோண்டக் கூடாது. தோண்டற ஆளு ஒருத்தி இருந்தா. அவளாலதான் நான் இப்படி உக்காந்திருக்கேன்.

வேலை ஒரே ஒரு லெட்டர்தான். எம்பட பொண்ணுக்கு. தாரணின்னு பேரு, ஒரே பொண்ணு. வர்ற வியாழக்கிழமை அவளும் மாப்ளையும் ஜெர்மனிக்குப் பொறப்படறாங்க. மாப்ளைக்கு அங்க வேலை. திரும்பி வர மூணு வருசம் ஆகுமாம். அந்தப் புள்ளை எங்கூடப் பேசி நாப்பத்திரண்டு நாளாச்சு. நான் கூப்பிட்டா ஃபோன் எடுக்கறதில்ல. அவங்கம்மா ஃபோன்ல இருந்து கூப்பிட்டா எடுக்கறா, எங்கொரலு கேட்டதும் வெச்சர்றா. ஃபிளைட் ஏர்றதுக்குள்ள அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அதுக்குத்தான் லெட்டர். நீங்க எழுதிக் குடுங்க, நான் பாத்து என் கையெழுத்துல எழுதிக்கறேன்.

புரிஞ்சுதுங்களா? சரி. இப்ப அந்தப் பொம்பளை கதையக் கேளுங்க. கேட்டாத்தான் எப்படி எழுதக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். இனிமே பொம்பளையே வேண்டாம்னுதான் உங்களக் கூப்பிட்டேன்.

பேரு வசுமதி. வடவள்ளியில இருந்து ஸ்கூட்டர்ல வருவா. ஏதோ பத்திரிகையில பதினஞ்சு வருசம் அடுத்தவன் எழுதினதத் திருத்திக்கிட்டே இருந்தவளாம். திருத்தித் திருத்திப் பழகிட்டா மனுசனையும் திருத்தலாம்னு தோணிரும்போல. கம்பெனிக்கு எழுத ஆளு எதுக்குன்னு கேப்பீங்க. கேக்கக் கூடாதுன்னு சொன்னேன், சரி, நானே சொல்லிடறேன்.

இருவத்தாறு வருசமா எங்க செவ்வந்தி கிரைண்டர் கம்பெனிக்கு லெட்டர் எழுதறது நாந்தான். நூத்தி நாப்பது டீலர். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, வெலை ஏத்துனா, மாடல் மாத்துனா, எல்லாத்துக்கும் நானே எழுதுவேன். ‘பேரன்பும் பெருமதிப்பும் மிக்க எமது விற்பனைச் செல்வங்களுக்கு’ன்னு ஆரம்பிச்சா, கையி நிக்காது. போன ஐப்பசியில வெலை ஏத்தி ஒரு லெட்டர் போட்டேன். பாதி டீலருக்கு வெலை ஏறுனதே தெரியல, பழைய வெலைக்கே வித்துக்கிட்டு இருந்தானுங்க. கேட்டா, லெட்டரு மூணு பக்கம், வெலை மூணாவது பக்கத்துல கடைசில இருந்துச்சுங்கறான். அது எங்குத்தமா? முழுசாப் படிக்காதவன் குத்தம். அப்பத்தான் தொழிலதிபருங்க சேம்பர்ல ஒருத்தரு, ‘இந்தம்மாவ வெச்சுக்குங்க சென்னியப்பன், நேரா விசயத்துக்கு வருவாங்க’ன்னாரு. வந்தா. நேரா வந்தா.

மொத நாளே என்ற பழைய லெட்டரு பத்து வாங்கி, இதே சேர்ல உக்காந்து, ஒரு வார்த்தை விடாமப் படிச்சா. அவ படிக்கறதப் பாத்து எனக்குப் பெருமைதான். படிச்சு முடிச்சுட்டு, “சார், இதுல நீங்க அவங்களுக்குச் சொல்ல வந்தது என்ன? ஒரு வரியில சொல்லுங்க”ன்னா. ஒரு வரியில சொல்றதுக்கு ஒருத்தன் எதுக்குக் கம்பெனி நடத்தறான்? ‘தரத்தில் சமரசம் இல்லை’ன்னு நான் போட்டிருந்தத செகப்புப் பேனால அடிச்சா. ஏம்மான்னு கேட்டா, “சமரசம் பண்ணிக்கறீங்கன்னு யாராவது சொன்னாங்களா சார்?”ங்கறா. நான் படியளக்கறவன் தம்பி. எங்கிட்ட இந்தக் கேள்வி.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னால ஒரு பேப்பர்ல நாலு கேள்வி எழுதிக்கிட்டு வருவா. யாருக்கு, என்ன நடந்தது, எப்ப நடந்தது, படிக்கறவங்க இப்ப என்ன செய்யணும். நாலுக்கும் பதில் வாங்காம பேனாவத் தொறக்க மாட்டா. வெறும் பொங்கல் வாழ்த்துக்கும் அதே நாலு கேள்வி! பொங்கலுக்கு என்ன நடக்கும், பொங்கல்தான் நடக்கும்.

இல்லைன்னு சொல்லல, டீலருங்க திருப்பிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. ‘அண்ணா, இப்பத்தான் உங்க லெட்டரு புரியுது’ன்னு ஒசூர்க்காரன் சொன்னான். அது பாராட்டா சொல்லுங்க? இருவத்தாறு வருசமாப் புரியலைன்னு சொல்றான். அவங்கூடப் பேசறதையே கொறச்சுக்கிட்டேன்.

காபி எடுத்துக்குங்க, ஆறிரும். இது எங்க கேண்டீன் காபி, நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம் வைகாசி வந்துச்சு. தாரணிக்குக் கல்யாணம், பெருந்துறைல சம்பந்தம். நல்ல குடும்பம், அளவான குடும்பம். அந்தச் சமயத்துல தர்மபுரி டீலரு ஃபோன் பண்றாரு. ஒரு வீட்டம்மா டிரம்மத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதாம். எங்க டெஸ்டிங் சூப்பர்வைசர் ஞானசேகர் குடோன்ல இருந்து பத்துப் பீஸ எடுத்துப் பிரிச்சுப் பாத்தான். ஆறுல எர்த் ஒயர் கிளிப்பு சரியா அழுத்தாம இருந்துச்சு. புதுசா வந்த காண்ட்ராக்ட் ஆளுங்க பண்ணின கூத்து. மெசின் ஓட ஓட, ஆட்டத்துல கழண்டுக்கும். அப்புறம் மோட்டார் பக்கம் கொஞ்சம் தண்ணி எறங்குனாப் போதும், கரண்டு டிரம்முக்கு வந்துரும். அந்த லாட்டு மொத்தம் முன்னூத்தி நாப்பது பீஸு.

இது தெரிஞ்சது கல்யாணத்துக்கு அப்புறம்னு வெச்சுக்குங்க. அப்படியே வெச்சுக்குங்க. இதுல நாளு முக்கியமில்ல.

கல்யாணம் முடிஞ்ச புதன்கிழமை அவளக் கூப்பிட்டேன். இந்த மாதிரி மேடம், முன்னூத்தி நாப்பது பீஸு திரும்ப நம்ம கைக்கு வரணும், பக்குவமா ஒரு லெட்டர் போடுங்கன்னேன். நானே ஒரு தலைப்பும் யோசிச்சு வெச்சிருந்தேன். ‘செவ்வந்தியின் வெற்றிப் பயணத்தில் ஒரு நன்றிப் பரிசு: இலவச சர்வீஸ் முகாம்.’ எப்படி? ஜனங்க சந்தோசமாத் தூக்கிட்டு வருவாங்க. நாம உள்ள கிளிப்ப அழுத்தி, வெளிய தொடச்சு, ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் குடுத்தர்றோம். யாருக்கும் பயமில்ல. கம்பெனிக்கும் கெட்ட பேரு இல்ல.

“முகாமுக்கு வராதவங்க சார்?”ன்னா.

“வராதவங்க ஓட்டட்டும். எல்லாமேவா கழண்டுரும்?”

அவ பேனாவத் தொறந்தா. அங்க உக்காந்து பத்து நிமிசத்துல எழுதிக் குடுத்தா. எனக்கு மனப்பாடமாவே ஆயிருச்சு, அத்தனை தடவை படிச்சிருக்கேன் வயித்தெரிச்சல்ல. ‘இந்தக் கிரைண்டரை இன்றே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி வையுங்கள். தொட்டால் மின்சாரம் தாக்கலாம். தவறு எங்களுடையது. எங்கள் ஆள் உங்கள் வீட்டுக்கே வந்து சரிசெய்வார்.’ அவ்வளவுதான். கீழ வரிசை நம்பரு, ஃபோன் நம்பரு. பேரன்பும் இல்ல, பெருமதிப்பும் இல்ல.

தவறு எங்களுடையதாம்! நூத்தி நாப்பது டீலருக்கு என் லெட்டர்பேடுல, என் கையெழுத்தோட! முடியாதுன்னேன். அவ கைப்பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, “மாத்துங்க சார், உங்க இஷ்டம். அப்ப அது என் வேலை இல்ல. வேற ஆளப் பாருங்க”ன்னு கெளம்பிட்டா. அந்த ஞானசேகரப் பய, என் சம்பளம் வாங்கறவன், எனக்கு எதுத்தாப்பல நின்னு, ‘அண்ணா, அந்தம்மா சொல்றதுதான் சரி’ங்கறான். ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. போகட்டும்னு அவ எழுதுன லெட்டரையே அனுப்பிச்சேன்.

ஒரு மாசத்துல முன்னூத்தி முப்பத்தொம்பது பீஸு சரியாயிருச்சு. ஒரு டீலரு விட்டுப் போகல. தர்மபுரி வீட்டம்மா, போன மெக்கானிக்குக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு அனுப்புச்சாம். லெட்டர் எழுதுன விதம் அப்படின்னு ஞானசேகர் சொல்றான். லெட்டரெல்லாம் இல்ல தம்பி. இருவத்தாறு வருச கம்பெனிப் பேரு.

முன்னூத்தி முப்பத்தொம்பது. இன்னும் ஒண்ணு எங்கன்னு நீங்க கேக்கறீங்க. வாயத் தொறக்கல, கண்ணு கேக்குது. அதேதான் அவளும் கேட்டா. வர்றப்பெல்லாம் ஒரு லிஸ்ட விரிச்சு வெச்சு, சரியான பீஸுக்கு நேரா டிக் போட்டுக்கிட்டே வருவா. கடைசில தலையத் தூக்கி, “சார், இருநூத்திப் பன்னெண்டு எங்க?”

“அது வித்ததில்ல மேடம். குடுத்தது. சொந்தத்துல.”

“சொந்தக்காரங்களுக்கும் ஷாக் அடிக்கும்ல சார்?”

எவ்வளவு திமிரு பாருங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். அடுத்த வாரமும் கேட்டா. பாத்துக்கறேன்னேன். அதுக்கடுத்த வாரமும் கேட்டா. டீ குடிச்சீங்களான்னு கேக்கற மாதிரி, சத்தமில்லாம, மொகத்துல ஒண்ணும் காட்டாம கேப்பா. கோவமாக் கேட்டிருந்தாக்கூட நான் திருப்பி ஒரு சத்தம் போட்டிருப்பேன்.

அது தாரணிக்குச் சீரா குடுத்த கிரைண்டர். கிரைண்டர் கம்பெனிக்காரன் பொண்ணுக்கு வேற கம்பெனி கிரைண்டரா குடுப்பேன்? லாட்டு வந்ததும் நானே குடோனுக்குப் போய், கீறல் இல்லாததா, பளபளன்னு இருந்ததாப் பாத்து எடுத்தேன். சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டற ஆளக் கூட்டியாந்து, டிரம்லயே ‘தாரணி - கௌதம்’னு வெட்டச் சொன்னேன். சீரெல்லாம் எங்கூட்டு ஹால்ல பரப்பி வெச்சிருந்துச்சு. கட்டிலு, பீரோ, பிரிட்ஜு, பித்தளை அண்டா, அதுக்கு நடுவால இது. அஞ்சு சுமங்கலிங்க மஞ்சக் குங்குமம் வெச்சாச்சு. அதப் போயி எல்லாரு முன்னாலயும் கவுத்துப் போட்டு ஸ்குரூ கழட்ட முடியுங்களா?

பத்து நிமிச வேலைங்கறான் ஞானசேகரு. அவனுக்கென்ன தெரியும். வீடு பூரா சொந்தம். என்ற பங்காளி ரங்கராசு, சித்தப்பா மகன், அவனும் கிரைண்டர் கம்பெனிதான் வெச்சிருக்கான், இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். அவன் காபி டம்ளரோட அந்தக் கிரைண்டர் பக்கத்துலயே சேரப் போட்டு உக்காந்திருக்கான். மெக்கானிக்கு ஸ்குரூ டிரைவரோட உள்ள வந்தா, ‘என்ன சென்னியப்பா, பொண்ணுக்கே ரிப்பேர் பீஸா?’ன்னு கேப்பான். அங்கயே, சம்பந்தி வீட்டு ஆளுங்க காதுல விழற மாதிரி கேப்பான். சாயங்காலத்துக்குள்ள கணபதி ஏரியாவுல இருந்து பீளமேடு வரைக்கும் பேசுவாங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் பொதுவாச் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னால தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்றேன்.

சும்மா விட்டுரலாம்னு நான் நெனைக்கல. எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருந்தேன். ஆடி நோம்பிக்குப் பொண்ணு மாப்ளைய அழைக்கப் போவோமில்ல, அப்ப மெக்கானிக்க டிரைவர் மாதிரி கூட்டிட்டுப் போறது. நாங்க ஹால்ல சம்பந்திகிட்டப் பேசிக்கிட்டு இருக்கறப்ப, அவன் சமையக்கட்டுல, கிரைண்டரு எப்படி ஓடுதுன்னு பாக்கற மாதிரி பாத்து அழுத்திட்டு வந்துர்றது. ரெண்டு மாசந்தானே. சீரு கிரைண்டர எந்த வீட்டுலயும் உடனே எடுத்து ஓட்ட மாட்டாங்க, மூலைல வெச்சு அழகு பாப்பாங்க. சம்பந்தியம்மா இப்படி ஆசைப்பட்டு மறுவாரமே எடுத்து ஆட்டும்னு யாரு கண்டா?

அவ அதுக்குள்ள கெடுத்துட்டா. ஆனி மாசம் கடைசி வாரம். ஞானசேகர்கிட்ட நம்பரு வாங்கி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பெருந்துறைக்கு ஃபோன் போட்டுட்டா. எடுத்தது சம்பந்தியம்மா. “நான் செவ்வந்தி கம்பெனிக்கு லெட்டர் எழுதறவ. உங்க வீட்டுக் கிரைண்டரோட பிளக்கக் கழட்டிட்டு வாங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்”னு சொன்னாளாம். அந்தம்மா கழட்டிட்டு வந்து, “ஏம்மா, சம்பந்தி எங்ககிட்டச் சொல்லலையே”ன்னு கேட்டிருக்கு. அதுக்கு அவ, “அத அவர்கிட்டத்தாம்மா கேக்கணும்”னு சொன்னாளாம். சம்பளம் குடுக்கறவன மாட்டி விடறது எந்த ஊரு நியாயம்? கூலிக்கு எழுத வந்தவ எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?

மறுநா காலைல பதினொரு மணி. டீ டயம். அறுவது பேரு வெளிய நிக்கறாங்க. ஒரு மினி டெம்போ உள்ள வருது. பின்னால அந்தக் கிரைண்டரு, குங்குமம் காஞ்சு போயி, பேரு வெட்டுனது வெயில்ல மின்னுது. முன்னால டிரைவர் பக்கத்துல தாரணி. தாலிக் கயித்துல மஞ்ச இன்னும் வெளுக்கல. எறங்கி நேரா எங்கிட்ட வந்தா. அழுவல. அழுதிருந்தாச் சமாளிச்சிருப்பேன்.

“அப்பா, உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வெயில்ல நிக்காத கண்ணு, உள்ள வா”ன்னேன்.

“எப்பப்பா தெரியும்?”

“காபி சாப்பிடு வா. அம்மாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா?”ன்னேன். வேற என்ன சொல்றது? அறுவது பேரு பாக்கறாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் ரங்கராசு மெசின நிறுத்தச் சொல்லிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கான், சத்தியமா நிறுத்துனான், சத்தம் நின்னு போச்சு. அவ மூணாந்தடவை கேக்கல. எம் மொகத்தையே சித்த நேரம் பாத்தா. டெம்போவுல ஏறிப் போயிட்டா. அதுதான் அவ எங்கூடக் கடைசியாப் பேசினது.

உள்ள வந்து, அன்னைக்கு லிஸ்டோட வந்து உக்காந்திருந்த அந்தப் பொம்பளைய வெளிய போன்னு சொன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன், அதெல்லாம் உங்ககிட்டச் சொல்ற வார்த்தை இல்ல. அவ லிஸ்ட எடுத்து இருநூத்திப் பன்னெண்டுக்கு நேரா ஒரு டிக் போட்டா. எம் மேசைல வெச்சா. போயிட்டா. ஞானசேகரையும் அன்னைக்கே அனுப்பியிருப்பேன், டெஸ்டிங் தெரிஞ்சவன் வேற யாரும் இல்ல.

ஆடிக்கு அழைக்கப் போனோம், நானும் எங்கூட்டுக்காரியும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. தட்டு, பழம், வேட்டி சேலை எல்லாம் வாங்கிட்டுத்தான் போனோம். தாரணி ரூம விட்டு வெளிய வரல. சம்பந்தியம்மா தண்ணி குடுத்துச்சு, காபி குடுத்துச்சு, ஒண்ணும் கொறை வெக்கல. அப்புறம் எதுத்தாப்பல உக்காந்துக்கிட்டுச் சொல்லுச்சு, “சம்பந்தி, அந்தப் புள்ளை ‘கை சுர்ருங்குது அத்தை’ன்னு சொன்னப்பல்லாம், மாவாட்டச் சோம்பல்பட்டுக்கிட்டுச் சொல்லுதுன்னு நெனச்சுத் திட்டிட்டேன். உங்கொப்பன் கம்பெனி கிரைண்டரு உனக்கே ஷாக் அடிக்குமான்னு நாலு பேரு முன்னால கேட்டேன். விசயம் தெரிஞ்ச அன்னைக்கே அவ கையப் புடிச்சுக்கிட்டு, ‘நாந்தான் தப்புப் பண்ணிட்டேன் சாமி’ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேரும் அழுதோம், அப்புறம் ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம். நீங்களும் சொல்ல வேண்டியதச் சொல்லிருங்க. புள்ளைய நானே கொண்டாந்து விடறேன்.”

ஒரு சம்பந்தி பேசற பேச்சாங்க இது? பொண்ணக் குடுத்தவன் நானு. எனக்குப் புத்தி சொல்லுது. தட்ட வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வர்ற வழி பூரா எங்கூட்டுக்காரி சன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. அவளும் இப்ப அந்தக் கட்சி.

எல்லாரும் என்னமோ நான் கண்டுக்காமயே இருந்த மாதிரி பேசறாங்க. அதுதான் தம்பி எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஆனி மாசம் தாரணி ஃபோன் பண்ணி, ‘அப்பா, டிரம்மத் தொட்டா லேசா சுர்ருங்குதுப்பா’ன்னு எங்கிட்டச் சொன்னா. சொன்னா, இல்லைங்கல. நான் சும்மாவா விட்டேன்? உடனே சொன்னேன், ‘ஈரக் கையோட தொடாத கண்ணு. ரப்பர் செருப்பப் போட்டுக்கிட்டு ஆட்டு’ன்னு. அந்த ஃபோனுக்கு அப்புறம் ரெண்டு நாள் நான் சரியாச் சாப்பிடல, வீட்டுல கேட்டுப் பாருங்க. அப்புறம் அந்த வசுமதி ஃபோன் பண்ணின அன்னைக்குச் சாயங்காலம், சம்பந்தி வீட்டுல ஒரு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு டெஸ்டர் வெச்சுப் பாத்தாங்களாமே, பளிச்சுன்னு எரிஞ்சுதாம். அவனே சொல்லியிருக்கான், ‘செருப்பு போட்டிருந்ததாலதான் இந்தப் பொண்ணு உசுரு தப்புச்சு’ன்னு. அந்தச் செருப்பப் போடச் சொன்னது யாரு? நானு! இத ஒருத்தராவது சொல்றாங்களா?

பேனாவ ஏன் கீழ வெச்சுட்டீங்க?

சரி, இனி விசயத்துக்கு வர்றேன். போன வாரம் மாப்ளை மெசேஜ் அனுப்புனாரு. ‘மாமா, தாரணி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. எந்த நாள் உங்களுக்குத் தெரியும்னு உங்க கைப்பட எழுதி அனுப்பச் சொல்றா. வேற எதுவும் வேண்டாமாம்.’ நானே உக்காந்து எழுதுனேன். அவ பொறந்தப்ப நான் லேத்துல வேலை பாத்தது, அவளுக்கு மஞ்சக் காமால வந்தப்பத் தூக்கிக்கிட்டு ஓடுனது, அவ பேரச் சொல்லித்தான் இந்த எடத்த வாங்குனது, எல்லாம் எழுதுனேன். மூணு பக்கம் வந்துச்சு. எழுதறப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு. நாலாம் நாள் திரும்பி வந்துருச்சு. ஓரத்துல தாரணி எழுதியிருந்தா, ‘மூணாவது பக்கத்துலயும் இல்லப்பா.’

ஆபீஸ் பொண்ணு கம்ப்யூட்டர்ல கேட்டா அதுவே எழுதிக் குடுக்கும் சார்ன்னு ஒண்ணு எடுத்துக் குடுத்தா. ‘தந்தை மகள் உறவு என்பது ஓர் ஆழமான பயணம்’னு ஆரம்பிச்சுது. எனக்கே கூச்சமாப் போச்சு, கிழிச்சுட்டேன்.

வெக்கத்த விட்டுச் சொல்றேன், அந்த வசுமதி வீட்டுக்கே போனேன். முந்தாநாளு. நான் பேசின பேச்சுக்கு அவ கதவச் சாத்தியிருக்கலாம். உக்காரச் சொன்னா. முழுசும் கேட்டா. “எழுதித் தர்றேன் சார், இதுக்குக் காசு வேண்டாம். நாள மட்டும் நீங்க சொல்லுங்க”ன்னா. எந்திரிச்சு வந்துட்டேன். அவளுக்கு எதுக்கு நான் சொல்லணும்? எம் பொண்ணுக்கே சொல்லல, அவகிட்டச் சொல்லணுமா?

என்ன தம்பி, நோட்ட மூடிட்டீங்க? எந்திரிக்காதீங்க. உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேனில்ல. அந்தக் கதவ மட்டும் சாத்திட்டு வந்து உக்காருங்க.

செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஞானசேகர் ஆறு கிளிப்பையும் ஒரு தட்டத்துல போட்டு எடுத்துட்டு வந்து காட்டுனான். கல்யாணம் ஞாயித்துக்கிழமை. சீரு வண்டி ஏறுனது வெள்ளிக்கிழமை. மூணு நாள் அது எங்கூட்டு ஹால்லதான் இருந்துச்சு. மூணு நாளும் அதத் தாண்டித்தான் நான் சாப்பிடப் போனேன், அதத் தாண்டித்தான் கை கழுவ வந்தேன். ஒருக்கா பக்கத்துல நின்னு டிரம்மத் தொட்டுக்கூடப் பாத்தேன். ரங்கராசு சிரிப்பானேன்னு எனக்குப் பயமா இருந்துச்சு தம்பி. எம் பொண்ணு செத்துப் போவாளேன்னு பயப்படல. அவன் சிரிப்பானேன்னு பயந்தேன்.

பாருங்க, உங்ககிட்டச் சொல்லிட்டேன். நீங்க யாரு எனக்கு? பேருகூட ரெண்டு தடவை கேட்டேன். உங்ககிட்ட வருது, அவகிட்ட வாய் வர மாட்டேங்குது. நாப்பத்திரண்டு நாளா நானும் ஃபோனக் கையில வெச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். அவ எதுத்தாப்பல நின்னு பாத்தா பாருங்க ஒரு பார்வை, அது கண்ணுக்குள்ளயே நிக்குது.

எழுதுங்க. நோட்டத் தொறங்க. மேல ‘அன்புள்ள தாரணி’ன்னெல்லாம் போடாதீங்க, நான் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. ‘கண்ணு’ன்னு போடுங்க. அதுக்குக் கீழ, ‘நடந்த சம்பவத்துக்குச் செவ்வந்தி நிறுவனம் மிகவும் வருந்துகிறது’ன்னு போடுங்க. நிறுவனம்னே போடுங்க, அதுதான் மரியாதையா இருக்கும். ‘நல்லபடியாப் போய்ச் சேந்து, சேந்ததும் அப்பாவுக்கு ஒரு ஃபோன் பண்ணு’ன்னு முடிங்க.

நடுவுல நீங்களா செவ்வாய்க்கிழமைன்னு எழுதியிருக்கீங்களே, இருங்க, அத அடிச்சிருங்க. ஊருக்குப் பொறப்படற புள்ளைகிட்ட இப்பப் போயி எதுக்கு. அவ அங்க போயி எறங்கட்டும், வீடு வாசல்னு செட்டில் ஆகட்டும். பொறகு ஒரு நல்ல நாளாப் பாத்து நானே சொல்லிக்கறேன்.